கொதித்தும் கொதிக்காத தண்ணீர்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்று இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆனால் 1992-இல் ஆய்வாளர்கள் அந்த ஊற்றின் துளைக்குள் வெப்பமானியை இறக்கியபோது, 22 மீட்டர் ஆழத்தில் கண்ட வெப்பம் 118 டிகிரி. கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டி 25 டிகிரி போய்விட்ட தண்ணீர், கொதிக்காமல் அங்கே இருந்தது. இந்தப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் மக்கள் திரண்டு வந்து காணும் வெந்நீர்ப் பீறல்கள் எல்லாம் இந்த ஒரு முரணிலிருந்து பிறக்கின்றன.

நாங்கள் போனது கோடை விடுமுறையில், பிள்ளைகளோடும் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடும். பூங்காவின் பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது. ஓரங்கள் மொன்டானாவையும் ஐடஹோவையும் தொடுகின்றன. 1872-இல் அமைக்கப்பட்ட இதுவே உலகின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். மேடிசன் முகாமிடத்தில் கூடாரம் போட்டால் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த படுகைகள் பலவும் காரில் எட்டும் தூரத்தில் இருக்கும். ஃபயர்ஹோல் ஆறும் கிப்பன் ஆறும் அங்கேதான் கூடி மேடிசன் ஆறாகின்றன. வழியெல்லாம் ஊற்றுகள் வந்து வடிவதால் ஃபயர்ஹோல் ஆற்றில் மலையாறுகளுக்கு இல்லாத ஒரு வெதுவெதுப்பு உண்டு.

முகாமில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கரடி ஒழுக்கம். சோற்றுப் பாத்திரம், ஊறுகாய், பற்பசை, சோப்பு என்று மணம் வீசும் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. இரும்புப் பெட்டியிலோ காருக்குள்ளோ பூட்டிவிட வேண்டும். ஆகஸ்டு மாதத்திலும் இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. அந்தக் குளிருக்கும் ஒரு பயன் இருக்கிறது. விடிகாலையில் ஒவ்வொரு ஊற்றின் மேலும் ஆவி திரண்டு நிற்பதால், எங்கெங்கே நிலம் சூடாக இருக்கிறது என்று தொலைவிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

குற்றாலத்தில் குளித்து வளர்ந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஆதங்கம். “இவ்வளவு வெந்நீர் சும்மா ஓடுதே, ஒரு முங்கு போட விடக் கூடாதா?” என்றார். நியாயமான கேள்வி. நம் ஊர்ப்பக்கம் வெந்நீர் ஊற்று என்றாலே குளியலும் புண்ணியமும்தான். ஆனால் இங்குள்ள குளங்களில் பல, கொதிநிலைக்கு மிக அருகில் நிற்பவை. கரையாகத் தெரிவது பல இடங்களில் மெல்லிய ஓடு. அதன் அடியிலும் கொதிநீர். இந்தப் பூங்காவில் தீக்காயம் பட்டு இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். கரடி, காட்டெருமை, அருவி, பாறை எதைவிடவும் வெந்நீர் ஊற்றுகளே இங்கு அதிகம் பேரைக் காயப்படுத்தியும் கொன்றும் இருக்கின்றன. ஊற்றில் இறங்குவது சட்டப்படி குற்றம். மரப்பலகை நடைபாதையை விட்டுக் காலை எடுத்து வைப்பதும் அப்படியே. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சலுகையும் தரக் கூடாது. பலகைமேல் நடக்கும்போது பிள்ளையின் கை பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

வெந்நீர் ஊற்று உலகில் அரிய பொருள் இல்லை. பூமிக்குள் கீழே இறங்க இறங்க, கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடுகிறது. மழைநீர் ஒரு பிளவு வழியாக ஆழமாக இறங்கி, இன்னொரு பிளவு வழியாக விரைந்து மேலே வந்துவிட்டால் போதும், வெந்நீர் ஊற்று தயார். எரிமலை வேண்டியதில்லை. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இலங்கையிலோ எரிமலையே கிடையாது. ஆனால் தண்ணீரை வானத்தில் எறியும் ஊற்று, அதாவது கெய்சர், உலகில் சில இடங்களில் மட்டுமே உண்டு. யெல்லோஸ்டோனில் 10,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள், ஆவித் துளைகள், சேற்றுக் குழிகள் இருந்தாலும் கெய்சர்கள் 500-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதுவே உலகிலுள்ள கெய்சர்களில் பாதி. மீதி ரஷ்யாவின் கம்சாத்கா, சிலி நாட்டின் எல் டாட்டியோ, ஐஸ்லாந்து, நியூசிலாந்து என்று சிதறிக் கிடக்கிறது.

ஏன் இவ்வளவு குறைவு? சூடும் தண்ணீரும் இருந்து, கூடவே ஒரு குறுகலும் வேண்டும். அந்தக் குறுகலும் வலுவாக, கசியாமல், அழுத்தத்துக்கு வெடிக்காமல் நிற்க வேண்டும்.

சூடு இங்கே எரிமலையின் சொத்து. சுமார் 6,40,000 ஆண்டுகளுக்கு முன் இந்த எரிமலை கடைசியாகப் பெருவெடிப்பாக வெடித்து, உள்ளே காலியான இடத்தின் மேல் நிலம் சரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமான பள்ளமாகிவிட்டது. மேடிசன் முகாம் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில் இன்னும் பாறைக்குழம்பு உண்டு. ஆனால் அது குழம்புக் கடல் இல்லை, பெரும்பகுதி கெட்டிப் பாறை, இடையிடையே உருகல். தண்ணீரைத் தருவது சுற்றியுள்ள மலைகளின் பனி. உருகி மண்ணில் இறங்கிய பனிநீர் ஆழத்தில் சுற்றிவிட்டு வெளியே வர மிக நீண்ட காலம் ஆகிறது.

குறுகலை அந்தத் தண்ணீரே கட்டிக்கொள்கிறது. இங்குள்ள ரயோலைட் பாறையில் சிலிகா மிகுதி. ஆழத்தில் கடுஞ்சூடான தண்ணீர் அந்தச் சிலிகாவைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. மேலே வந்து ஆறும்போது துளைகளின் சுவரில் அதைப் படிய விடுகிறது. ஆண்டுக்கணக்கில் படிந்து படிந்து, பிளவுகள் அழுத்தம் தாங்கும் கல் குழாய்களாகின்றன. பூங்காவின் வடக்கே மம்மத் ஊற்றுகளில் இதற்கு நேர்மாறு. அங்கே தண்ணீர் சுண்ணாம்புக்கல் வழியாக வருகிறது. சுண்ணாம்பு விரைவில் படிந்து, வெள்ளை வெளேரென்று படிப்படியாக அழகான மேடைகள் எழுகின்றன. ஆனால் அது மென்மையான கல், அழுத்தத்தைத் தாங்காது. எனவே மம்மத்தில் அழகு உண்டு, கெய்சர் இல்லை.

இனி அந்த 118 டிகிரிக்கு வருவோம். ஆழத்தில் உள்ள தண்ணீரின் மேல் அதற்கு மேலுள்ள தண்ணீர் முழுதும் உட்கார்ந்து அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். சமையலறைக் குக்கரின் மேல் நாம் வைக்கும் வெயிட் என்ன செய்கிறதோ, அதையே இங்கே 10 மீட்டர் தண்ணீர்த் தூண் செய்கிறது: அந்த ஆழத்தில் கொதிநிலை 93-இலிருந்து ஏறத்தாழ 115 டிகிரிக்கு உயர்ந்துவிடும். அகலமான குளமாக இருந்தால் சூடான நீர் தாராளமாக மேலே வந்து, ஆறி, மறுபடி கீழே இறங்கும், சூடு சேராது. குறுகிய குழாயில் அந்தப் புரளலுக்கு இடமில்லை. அடியில் சூடு ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீர் தப்ப வழியில்லாமல் நிற்கிறது.

ஒரு கட்டத்தில் குமிழிகள் திரண்டு, குழாயின் வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பலகைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று கேமராவைத் தூக்கும் நேரம் அது. பெரும்பாலும் வருவதில்லை; அந்தச் சிறு தெறிப்பு அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு தெறிப்பிலும் மேலே உள்ள சுமை சற்றுக் குறைகிறது. சுமை குறைந்தால் அடியில் கொதிநிலை இறங்குகிறது. தண்ணீரின் சூடு மாறவே இல்லை. கொதிக்க வேண்டிய அளவுதான் அதனிடம் இறங்கி வந்துவிட்டது. அந்தக் கணத்தில் தண்ணீரின் ஒரு பங்கு ஆவியாகிறது. ஆவியாகும் நீர் 1,500 மடங்குக்கும் மேல் விரியும். விரிந்த ஆவி மேலுள்ள நீரை எறிகிறது, எறிந்ததும் சுமை இன்னும் குறைகிறது, அடுத்த அடுக்கு கொதிக்கிறது. மேலிருந்து கீழாகப் பரவும் இந்தக் கொதிப்புதான் நாம் பார்க்கும் பீறல்.

இதை முதலில் அளந்து சொன்னவர் ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் புன்சன். பள்ளி ஆய்வகத்தில் நாம் பற்றவைத்த புன்சன் அடுப்பு இவர் பெயரில்தான் இருக்கிறது. 1846-இல் ஐஸ்லாந்துக்குப் போய், அங்குள்ள பெரிய கெய்சரின் குழாய்க்குள் வெப்பமானிகளைக் கட்டி இறக்கினார். எந்த ஆழத்திலும் தண்ணீர் அந்த ஆழத்துக்குரிய கொதிநிலையை எட்டவில்லை. ஆனால் நடுப்பகுதியில் மிக நெருங்கியிருந்தது. அந்த நீரைச் சற்று மேலே தூக்கினால் போதும், அது கொதிநிலையைக் கடந்துவிடும் என்று கண்டார். ஒரு வெப்பமானியும் கயிறும் கொண்டு, எந்த நேரமும் கொதிநீரை எறியக்கூடிய ஒரு துளையின் விளிம்பில் நின்று இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மதிப்பு கூடுகிறது.

புன்சன் நினைத்தது நேரான ஒரு குழாயை. ஓல்டு ஃபெய்த்ஃபுல் துளைக்குள் கேமரா இறங்கியபோது தெரிந்தது வேறு: வளைந்து நெளிந்த பிளவு, இடையில் ஒரு கை நுழையும் அளவே உள்ள இடுக்கு, அருகே ஆவி தங்கும் அறைகள். இந்த அறைகளில் சிக்கும் ஆவி விட்டு விட்டு வெளியேறுவதும் பீறலுக்கு முந்தைய துடிப்புகளுக்குக் காரணம் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. அடிப்படை விளக்கம் புன்சனுடையதே.

இதிலிருந்து பிள்ளைகளோடு செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. ஓல்டு ஃபெய்த்ஃபுலின் பீறல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தால் உள்ளே இன்னும் சூடான நீர் மிச்சம் இருக்கிறது. அடுத்தது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு மேல் நீடித்தால் உள்ளறை காலி. மறுபடி நிரம்பிச் சூடேற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூங்காக் காவலர்கள் அறிவிப்புப் பலகையில் எழுதும் நேரமும் இந்தக் கணக்குத்தான், பத்து நிமிடம் முன்பின்னாக. எங்கள் மகள் தானே கணக்குப் போட்டு ஒரு நேரத்தைச் சொல்லி, அது பலித்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமிதம் தண்ணீரைவிட உயரமாக இருந்தது.

குறுகல் இல்லாத ஊற்று என்னவாகும் என்பதற்கு கிராண்ட் பிரிஸ்மாட்டிக் விடை. 100 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள இந்தக் குளத்தில் கொதிநீர் தடையின்றிப் புரள்கிறது, எனவே பீறுவதில்லை. அதன் செல்வம் நிறம். நடுவே ஏறத்தாழ 87 டிகிரி. ஒளியை உண்டு வாழும் எந்த உயிரும் அங்கே தாங்காது, ஆகவே தெளிந்த நீரின் ஆழ்ந்த நீலம். கரை நோக்கி நீர் பரவிப் பரவி ஆறுகிறது. 74 டிகிரியை ஒட்டி மஞ்சள் நுண்ணுயிர்ப் படலம் தொடங்குகிறது, இன்னும் ஆறிய இடத்தில் ஆரஞ்சு, அதற்கும் வெளியே செம்பழுப்பு. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வெப்பத்துக்குப் பழகிய உயிர்க்கூட்டம். காலையில் போனால் ஆவி எல்லாவற்றையும் மூடியிருக்கும். நண்பகல் வெயிலில், ஃபெய்ரி அருவிப் பாதையிலிருந்து ஏறும் மேட்டுக்குப் போங்கள். குளம் முழுதும் கண்ணில் விழும். அம்மா மூட்டுவலியோடு அந்த மேடேறி, குளிக்க முடியாத ஆதங்கத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்.

இத்தகைய வெந்நீரில் வாழும் ஓர் உயிர் உலக மருத்துவத்தையே மாற்றியது. 1960-களில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர், இந்தப் பூங்காவின் மஷ்ரூம் ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 70 டிகிரியில் செழித்து வளர்ந்த அதற்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு, மாணவர் ஹட்சன் ஃப்ரீஸுடன் 1969-இல் வெளியிட்டார். நோயும் மருந்தும் அவர் நோக்கமே இல்லை. கொதிநீரின் ஓரத்தில் உயிர் எப்படி வாழ்கிறது என்று அறிய விரும்பினார், அவ்வளவுதான். 1983-இல் கேரி முல்லிஸ், டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு சுற்றிலும் கலவையை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். படியெடுப்பைச் செய்யும் சாதாரண நொதி அந்தச் சூட்டில் செத்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். யெல்லோஸ்டோன் பாக்டீரியாவின் நொதியோ சூட்டைத் தாங்கி நின்றது. வேலை இயந்திரத்துக்கு மாறியது. முல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளில் பல சென்று சேர்ந்ததும் இந்தச் சோதனைக்குத்தான்.

இந்த ஊற்றுகளின் கல் குழாய்கள் எவ்வளவு எளிதில் கெட்டுவிடும் என்பதுதான் என் கவலை. மார்னிங் குளோரி என்ற குளம் ஒரு காலத்தில் முழு நீலம். பல ஆண்டுகளாகப் பயணிகள் நாணயங்களையும் குப்பையையும் எறிந்து அதன் அடித்துளையை அடைத்தார்கள். கீழிருந்து வரும் சூடு குறைந்தது. ஓரத்து மஞ்சள் உயிர்ப்படலம் உள்ளே ஊர்ந்து வந்துவிட்டது. இன்று அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நோயின் நிறம் என்று தெரிந்த பிறகு என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

நிலநடுக்கமும் இந்தக் குழாய்களைக் குலைத்துவிடும். 1959 ஆகஸ்டு 17 இரவு, பூங்காவுக்கு மேற்கே ஹெப்கென் ஏரிப் பகுதியில் 7.3 அளவு நிலநடுக்கம். மலைச்சரிவு ஒன்று மேடிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூடாரமிட்டு உறங்கியவர்கள் மேல் விழுந்தது. அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் 28 பேர். பூமிக்கடியில் குழாய்கள் குலுங்கின: அடுத்த நாட்களில் 289 ஊற்றுகள் பீறியதாகப் பதிவு, அவற்றில் 160, அதற்கு முன் பீறியதாகப் பதிவே இல்லாதவை. ஓல்டு ஃபெய்த்ஃபுலின் இடைவெளியும் அதன் பின் நீண்டது. 1983-இல் ஐடஹோவில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின் இன்னும் நீண்டது. தண்ணீர் குறைந்தாலும் கதை முடியும். ஓல்டு ஃபெய்த்ஃபுலின் மேட்டில் கல்லாகிக் கிடந்த பைன் மரத்துண்டுகளை ஆய்ந்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவை 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த மரங்கள். கொதிநீர் விழும் இடத்தில் மரம் வளராது. நீண்ட வறட்சியில் அந்த ஊற்று பல பத்தாண்டுகள் ஊமையாக இருந்திருக்கிறது.

மனிதர் கை பட்டால் இன்னும் மோசம். நியூசிலாந்தின் வைராக்கியில் 1958-இல் புவிவெப்ப மின்நிலையம் ஓடத் தொடங்கியபின் பக்கத்துப் பள்ளத்தாக்கின் கெய்சர்கள் மாண்டன. ரோட்டோருவா நகரில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் வெந்நீர் எடுத்த ஆழ்துளைகளை 1980-களின் இறுதியில் அரசு மூடிய பிறகே அங்குள்ள போஹுட்டு கெய்சர் பிழைத்தது. யெல்லோஸ்டோனின் எல்லைக்குள் மின்சாரத்துக்காக யாரும் துளையிட முடியாது என்பது அமெரிக்கர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

தானாகவே குழாய் அடைபடுவதும் உண்டு. 2024 ஜூலை 23 காலை, யெல்லோஸ்டோனின் பிஸ்கட் படுகையில் பிளாக் டைமண்ட் குளம் திடீரென வெடித்தது. நடைபாதை நொறுங்கியது, மக்கள் ஓடினார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. பாறைக்குழம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிலிகா அடைத்த துளைகளுக்குக் கீழே மாட்டிக்கொண்ட கொதிநீர் ஒரேயடியாக ஆவியானதன் விளைவு.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் பார்த்ததும் பூங்காவை முடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கிராண்ட் இருக்கிறது. முன்கூட்டி நேரம் சொல்லக்கூடிய கெய்சர்களில் அதுவே உலகில் மிக உயரமானது, 60 மீட்டர் வரை எழும். ஆனால் அறிவிப்புப் பலகை அதற்குத் தருவது மணிக்கணக்கான கால வரம்புதான். சாப்பாடு, தொப்பி, மழைச்சட்டையோடு போய் உட்காருங்கள். கண்ணை அதன் குளத்திலும், பக்கத்தில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பீறும் டர்பன் மேலும் வையுங்கள். குளம் விளிம்புவரை நிரம்பி, மேற்பரப்பில் அலை எழத் தொடங்கினால், டர்பனின் அடுத்த பீறலோடு கிராண்டும் கிளம்பக்கூடும். சுமார் பத்து நிமிடம் ஆடிவிட்டு, தண்ணீர் சட்டென்று குழிக்குள் இறங்கிவிடும். கீழே இன்னும் போதிய சூடு மிச்சமிருந்தால், சுமை இறங்கிய அந்த நொடியே அதை மறுபடி கொதிக்க வைக்கும். அந்த இரண்டாம் பீறல் பல வேளைகளில் முதலாவதைவிட உயரம்.